பெட்டியைக் கழற்றிக்கொண்டு போக உடனே வரவும்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும், எங்கள் வயதுக்கு எவ்வளவு சுகம் அனுமதியோ அவ்வளவு சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டாரும் எங்களைவிட நாலு மடங்கு சுகமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கையால் எழுதித் தபாலில் போடுகிறாளே, அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று பயப்படாதே. போனில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். உன் அத்தானுக்கு வயிறு சரியில்லை என்று எழுதியதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. காகிதத்தில் கட்டைவிரல் வைக்க வேண்டுமானால் முதலில் மை தேட வேண்டும். அதற்குள் கடிதத்தைப் படித்துவிடுவாய் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன லீவில் வந்தபோது செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போனாயே, சின்னக் கறுப்புப் பெட்டி, அதை அடுத்த தடவை வரும்போது கழற்றிக்கொண்டு போய்விடு. முடிந்தால் அதற்காகவே வா. இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் எல்லாம் போன வாரத்தோடு தீர்ந்துவிட்டது. இது ஆற அமர யோசித்து எடுத்த முடிவு.

அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் இந்த வீட்டில் வாசல் மணியை அழுத்தினால் மணி அடித்தது, மோட்டார் ஸ்விட்சைப் போட்டால் தொட்டிக்குத் தண்ணீர் ஏறியது, ஆல்பத்தைப் பிரித்தால் போட்டோ தெரிந்தது. எப்படி நடக்கிறது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. நீதான் எங்களை வரிசையாக உட்கார வைத்து, "அக்கா, இதுக்குள்ள நாலு சர்வீஸ் ஓடும். வேலைக்கு ஆள் வச்ச மாதிரி நெனச்சுக்கோ. ஒருத்தர் வாசல் மணி, ஒருத்தர் தண்ணித் தொட்டி, ஒருத்தர் போட்டோ, ஒருத்தர் கப்பல். கரண்ட் போயிட்டு வந்தா தானா எந்திரிப்பாங்க. எந்திரிக்கலேன்னா டிவியில இந்த ஒரு வார்த்தைய அடி" என்று சொல்லி 'எழுப்பு' என்று ஒரு கட்டளையை எழுதி வைத்துவிட்டுப் போனாய். நானும் முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவள்தானே, நாலு பேரை எழுப்புவது ஒரு வேலையா என்று தலையை ஆட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

உன் அத்தானைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர். எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் முதலில் மெயின் ஸ்விட்சை அணை, ஒரு டம்ளர் தண்ணீர் குடி, பிறகு போடு என்பது அவருடைய வைத்திய முறை. பெரும்பாலும் பலிக்கும் என்பதுதான் தொந்தரவு. அன்றைக்கு எந்த இயந்திரமும் மக்கர் பண்ணவில்லை, சமையலறை பல்பு ஹோல்டரை மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு அறைக்குத் தனி ஸ்விட்ச் இருக்கிறது. ஆனால் மெயினை அணைக்கும் சந்தர்ப்பத்தை அவர் கைநழுவ விடுவாரா? அணைத்தார். ஹோல்டரை மாற்றினார், தண்ணீரும் குடித்தார், போட்டார். வாசல் மணி எழுந்தது. தொட்டி எழுந்தது. போட்டோக்களும் வந்தன. கப்பல் மட்டும் வரவில்லை.

கப்பல் என்றால் என்ன என்று உன் பிள்ளைகளுக்கு நீ சொல்லியிருக்கிறாயோ என்னவோ, இந்தக் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவாய் என்பதால் எழுதுகிறேன். உன் அத்தானின் தங்கையை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அறுபதைத் தாண்டியும் பாப்பாதான். பெரிய ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளைக் கட்டியவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கடிதம் எழுதச் சொன்னால் மனிதருக்குக் கை வராது, வாய் மட்டும் காது வரைக்கும் வரும். அதனால் கேசட்டில் பேசி அனுப்புவார். இரண்டு பக்கமும் நிறையப் பேசுவார். அந்தக் காலத்தில் நாம் இருந்த மாடிப் போர்ஷன் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மரப்படி ஏறினால் ஒரே அறை, ஒரு சமையல் மூலை, அவ்வளவுதான். கேசட் வந்த அன்றைக்கு நான் டூட்டி முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்காருவேன், உன் அத்தான் கிரீஸ் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டே உட்காருவார், பாப்பா டேப்ரிக்கார்டருக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி, அது அவளைப் பார்க்கிற மாதிரி உட்காருவாள். நிறுத்தும் பட்டன் உன் கையில். யாராவது சிரித்தால் நிறுத்த வேண்டும், சிரித்து முடித்தால் ஓட விட வேண்டும். ஸ்கூல் பை தோளில் தொங்க எவ்வளவு கவனமாக அந்த வேலையைப் பார்த்தாய்! இன்றைக்கு ஏதோ பெரிய கம்பெனியின் இயந்திரங்களை நிறுத்துவதும் ஓட்டுவதுமாக இருக்கிறாய். அந்தப் பட்டனில் ஆரம்பித்ததுதான் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

ஒரு தடவை அவர் கையில் எண்ணெய் தெறித்துக் கொப்பளம் வந்துவிட்டது. "அண்ணி பக்கத்துல இருக்காங்களா பாப்பா? அண்ணி, இதுக்கு என்ன போடணும்னு அடுத்த கேசட்டுல சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். அந்தக் கேசட் எங்கள் கைக்கு வரும்போதே கொப்பளம் ஆறித் தழும்பும் மறைந்திருக்கும். ஆனாலும் நான் விட்டேனா? கட்டுப் போடுவது எப்படி, எதைத் தடவக் கூடாது, சீழ் வைத்தால் என்ன அறிகுறி என்று பாதிப் பக்கம் பேசி அனுப்பினேன். அவரும் அடுத்ததில், "அண்ணி சொன்ன மாதிரியே செஞ்சேன், ஒரே நாள்ல சரியாயிடுச்சு" என்று பதில் சொன்னார். எதைக் கட்டினாரோ, எங்கே கட்டினாரோ!

அவர் கப்பலை விட்டு வந்தபின் இருவரும் எங்களோடுதான் இருந்தார்கள். அவர் காலமான பிறகு அந்தக் கேசட்டுகளைப் பாப்பா அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்ததும், டேப் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ள ஆரம்பித்ததும், நீ வந்து ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து ஓட்டி அந்தக் குரலைப் பெட்டிக்குள் ஏற்றிக் கொடுத்ததும் நான் மறந்துவிடவில்லை. அதற்காக உன்னை வாயாற வாழ்த்தியிருக்கிறேன். வாழ்த்து வாழ்த்தாக இருக்கட்டும், புகார் புகாராக இருக்கட்டும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் பாப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் நாற்காலியில் உட்காருவது வழக்கம். அன்றைக்கு உட்கார்ந்தாள், எழுந்து வந்தாள். "அண்ணி, சத்தமே வரல." நான் டிவியைப் போட்டு, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு 'எழுப்பு' என்று அடித்தேன். திரை நிறைய இங்கிலீஷ் கொட்டியது. எழுத்தும் எண்ணும் புள்ளியும் கோடுமாக, யாரோ சாமான் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பாக, எல்லாருக்கும் புரிகிற மாதிரி இருந்தது. கப்பல் என்று போட்டு, பக்கத்தில் 'டெட்'.

தம்பி, உன்னை ஒன்று கேட்கிறேன். என் வார்டில் டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அந்த வார்த்தையை யாரும் எழுத முடியாது. எழுதிய பிறகும் வெளியில் நிற்கும் சொந்தக்காரர்களிடம் அதை எப்படிச் சொல்ல வேண்டும், யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. உங்கள் ஆட்கள் சற்றுத் தூங்கிப்போன ஒரு சர்வீஸுக்குச் சர்வசாதாரணமாக அதை எழுதி, சிவப்பு மை வேறு தடவி வைத்திருக்கிறார்கள். அதுவும் கப்பல் என்ற பெயருக்குப் பக்கத்தில். பாப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உடனே உனக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருந்தாய். ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில், "ஒண்ணும் ஆகலக்கா, ரீஸ்டார்ட் குடு, பச்சை வரும்" என்றாய். கொடுத்தேன். பச்சை வந்தது. 'ஆக்டிவ்' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் 'எக்ஸிட்டட்', அதாவது வெளியே போய்விட்டது, என்றும் போட்டிருந்தது. இது என்ன நியாயம்? ஒரு நோயாளி சுறுசுறுப்பாக இருக்கிறார், ஆனால் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டார் என்றால் அவர் கட்டிலில் இருக்கிறாரா, பஸ் ஏறிவிட்டாரா? இருந்தாலும் பச்சையை நம்பி, "பாப்பா, வந்துடுச்சு, வா" என்று கதவைத் தட்டினேன். அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஹெட்போனை மாட்டினாள். சத்தம் இல்லை. சிவப்பைப் பார்த்தபோது கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். பச்சையைப் பார்த்த பிறகு தாழ்ப்பாளே போட்டுவிட்டாள்.

மறுநாள் நீயே கூப்பிட்டாய், குறை சொல்ல மாட்டேன். பொறுமையாகத்தான் சொன்னாய். குரல்கள் இருப்பது பெட்டியில் இல்லை, பக்கத்தில் இருக்கும் டிஸ்க்கில். கரண்ட் வந்ததும் பெட்டி சட்டென்று எழுந்துவிடுகிறது, டிஸ்க் சோம்பல் முறித்து எழுவதற்குள் கப்பல் சர்வீஸ் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பிவிடுகிறது. நீ சொன்னதை அடித்து டிஸ்க்கை முதலில் எழுப்பினேன், பிறகு கப்பலை எழுப்பினேன், குரல் வந்தது. பாப்பாவும் சாப்பிட்டாள். "இதுக்கு நான் வாரக் கடைசியில ஒரு நல்ல ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பறேன்க்கா" என்றாய். அந்த வாரக் கடைசி வந்தது, போனது. அதற்கு அடுத்ததும் போனது. உனக்குக் கட்டைவிரல் மட்டும் ஓய்வில்லாமல் இருந்தது. நடுவில் ஒரு தடவை தெருவுக்கே கரண்ட் போனது, இன்னொரு தடவை உன் அத்தான் ஃபேனுக்காக மெயினை அணைத்தார். இரண்டு தடவையும் சிவப்பு, டெட்.

நான் ஒவ்வொரு தடவையும் கையால் எழுப்பித்தான் வைத்தேன். ஆனால் பாப்பா கேட்பதை நிறுத்திவிட்டாள். ஜன்னல் நாற்காலியில் உட்காருகிறாள், ஹெட்போன் மடியில் கிடக்கிறது. "ஏன் பாப்பா, வந்துடுச்சே, போட்டுக் கேளேன்" என்றேன். "வேணாம் அண்ணி. உள்ள இருக்குன்னு நெனச்சுக்கிட்டே இருந்துடறேன். போட்டுப் பாத்து, இல்லேன்னு ஆயிட்டா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை உட்கார வைத்தது. வார்டு வாசலில் இதே மாதிரி நின்றவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். உள்ளே வந்து கட்டிலைப் பார்க்கப் பயந்துகொண்டு, வெளியிலேயே நிற்பார்கள். அவர்களுக்கு மருந்தின் பெயர் வேண்டாம், பல்ஸ் எண்ணிக்கை வேண்டாம். நம்புகிற மாதிரி ஒரு வார்த்தை வேண்டும். இந்தப் பெட்டிக்கு அது தெரியவில்லை. சரி, நாமே கற்றுக்கொடுப்போம் என்று டைனிங் டேபிளில் கீபோர்டை வைத்து இரண்டு பேரையும் கூப்பிட்டேன். 'எழுப்பு' என்று அடித்தால் ஓடுகிற, நீ எழுதிய ஸ்கிரிப்டைத் திறந்தோம். அங்கங்கே நீ எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் படித்துப் பாதி புரிந்தது, மீதியை உன்னிடம் கேட்டோம், வழக்கம்போலக் கட்டைவிரலோடு ஒரு வரி வந்தது: 'பதில் பூஜ்ஜியம்னா நல்லாருக்குன்னு அர்த்தம்.' பாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "பூஜ்ஜியம் வாங்கினா பாஸா? இவன் எந்த ஸ்கூல்ல படிச்சான்?" என்றாள். வாரக்கணக்கில் அவள் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை அது. நீ பாஸாகிவிட்டாய் என்று வைத்துக்கொள்.

உன் அத்தானுக்கு ஸ்கிரிப்டைப் படிக்கப் பொறுமை இல்லை, கேட்டார். கேட்டதும் பிடித்துக்கொண்டார். "லிஃப்ட்டுல கதவு மூடாம வண்டி நகராது. நகர முடியாது. அதுக்குன்னே ஒரு பூட்டு வச்சிருக்கோம். இங்க டிஸ்க்குதான் கதவு, கப்பல்தான் வண்டி. கதவு மூடிருச்சான்னு பாக்காம உன் தம்பி எப்படி வண்டிய விட்டான்?" என்று என்னைக் கேட்டார், நான்தான் விட்ட மாதிரி. ஆகவே டிஸ்க் எழும்வரை கப்பல் காத்திருக்க வேண்டும் என்று முதலில் எழுதினோம். இரண்டாவது என் சட்டம்: சர்வீஸைப் பார்த்து 'ஓடுகிறாயா' என்று கேட்கக் கூடாது, கண்ணைத் திறந்துகொண்டிருப்பவர் எல்லாம் விழித்திருப்பவர் அல்ல. வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கப்பலிடம் ஒரு கேசட்டைக் கேட்டு வாங்கு, குரல் வந்தால்தான் பச்சை. தொட்டியிடம் தண்ணீர் எவ்வளவு என்று கேள். பதில் சரியில்லாதவரை மட்டும் மறுபடி எழுப்பு, சரியாகும்வரை எழுப்பிக்கொண்டே இரு. எழுதியது பாப்பா. அவள் விரல் ஓடினால் கீபோர்டு மழை பெய்கிற மாதிரி இருக்கும், உனக்குத் தெரியும்.

இங்கேதான் தம்பி, உங்கள் தொழிலின் இலக்கணம் எங்களைக் கவிழ்த்தது. ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுக்கும்போது சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டாள், டைப்பிஸ்ட் அல்லவா, அழகாக அடித்தாள். பெட்டி தப்பு என்று கத்தியது. இடம் விடக் கூடாதாம். சரி என்று எல்லா இடத்திலும் இடத்தை எடுத்துவிட்டாள். பதில் பூஜ்ஜியம் இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்தில் மட்டும் கட்டாயம் இடம் விட வேண்டும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? விடாவிட்டால் அது தப்பு என்றாவது கத்த வேண்டாமா? கத்தவில்லை. யார் என்ன பதில் சொன்னாலும் 'இவர் சரியில்லை' என்று தானாக முடிவு கட்டிக்கொண்டு, நாலு பேரையும் எழுப்பி, எழுப்பியவரை மறுபடி எழுப்பி, மறுபடி எழுப்பிக்கொண்டே இருந்தது.

வாசல் மணி எழும்போது ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொள்ளும் என்று நீ வைத்திருக்கிறாய். அடித்தது. உன் அத்தான் போய்க் கதவைத் திறந்தார், யாரும் இல்லை. சாத்திவிட்டுத் திரும்பினார், அடித்தது. திறந்தார். "யாருய்யா அது வெளையாடறது?" என்று மாடிப்படிக்குக் கேட்கும்படி அதட்டினார். அடித்தது. இந்தக் கூத்தில் தொட்டியை யாரும் நினைக்கவில்லை. அதுவும் எழும்போது மோட்டாரைப் போட்டுப் பார்த்துக்கொள்கிறது, மறுபடி எழுப்பினால் மறுபடி போடுகிறது. தொட்டி நிறைந்து, வழிகுழாய் வழியாகக் கொட்டி, கீழ்வீட்டுப் பல் டாக்டர் அம்மாவின் ஜன்னல் மறைப்பில் விழுந்து, அங்கிருந்து தெறித்து நேராக நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்திருந்தவர் மேல் விழுந்திருக்கிறது. கடைசியில் மணி அடித்தது. உன் அத்தான், "இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன்" என்று நாற்காலியை விட்டு எழவே இல்லை. கதவை இடிக்கிற சத்தம் கேட்டுத்தான் நான் திறந்தேன்.

வாசலில் பல் டாக்டர் அம்மா கையுறையோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் கழுத்தில் துண்டு கட்டிய ஒரு மனிதர், மரத்துப்போன வாயோடு, தலையிலிருந்து சொட்டச் சொட்ட நிற்கிறார். "ழண்ணி... ழண்ணி..." என்று மேலே கையைக் காட்டினார். 'அண்ணி' என்று கூப்பிடுகிறார் என்று நினைத்து உன் அத்தான், "இவர் எந்த வழியில சொந்தம்?" என்று என்னைக் கேட்டார். டாக்டர் அம்மா, "தண்ணின்னு சொல்றாருங்க! நான் பல்ல எடுக்கறதா, வாளி வைக்கறதா?" என்றார். உன் அத்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அதை அணைத்ததற்காக நான் சந்தோஷப்பட்ட ஒரே தடவை அதுதான். வந்தவருக்கு நான் துண்டு கொடுத்தேன், காதில் தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்த்தேன், பழக்கதோஷம். திரும்பிப் பார்த்தால் பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சத்தம் வராமல் ஆரம்பித்து, சத்தம் வந்து, பிறகு கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள்.

சமக்குறி இடத்தை நீ போனில் சொன்னதும் திருத்திவிட்டோம். அப்புறம் வந்தது உண்மையான சண்டை: திரையில் என்ன எழுதுவது என்பது. உன் அத்தான் லிஃப்ட் பலகை மாதிரி 'இயங்கும்', 'இயங்காது' என்று இரண்டே வார்த்தை போதும் என்றார். பாப்பா ஆபீஸ் கடித நடையில், 'தங்களது மேலான கவனத்துக்கு, வாசல் மணியானது' என்று ஆரம்பித்தாள். வாசலில் நிற்பவர் வாக்கியம் முடிவதற்குள் திரும்பிப் போய்விடுவார் என்றேன். ஒருவழியாக ஒப்புக்கொண்டோம். இப்போது 'எழுப்பு' என்று அடித்தால், 'வாசல் மணி விழித்திருக்கிறது' என்று வரும். 'தொட்டியில் முக்கால் இருக்கிறது, மோட்டார் ஓய்வில்' என்று வரும். 'போட்டோக்கள் எல்லாம் இருக்கின்றன' என்று வரும். கப்பலுக்கு நல்ல செய்தி சுலபம், 'குரல் கேட்கிறது.' கெட்ட செய்திக்குத்தான் யாருக்கும் வார்த்தை வரவில்லை. உன் அத்தான் மெதுவாக, "குரல் பத்திரமா இருக்குன்னு போடுங்க, அவ மனசு ஆறும்" என்றார். நான் கூடாது என்றேன். டிஸ்க் எழாதபோது பத்திரமா இல்லையா என்று நமக்கே தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று வார்டு வாசலில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு தடவை சொன்னால் அப்புறம் நீ சொல்கிற எந்த நல்ல செய்தியையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். பாப்பாவே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து அடித்தாள்: 'கப்பல் இன்னும் கரைக்கு வரவில்லை. காத்திருக்கிறோம்.'

"இது போதும் அண்ணி," என்றாள். "காத்திருக்கறது எனக்குப் பழக்கந்தான்."

சிவப்பை எடுத்துவிட்டோம். சும்மா வெள்ளை எழுத்துத்தான்.

பிறகு நானே உன் அத்தானிடம் போய் மெயினை அணைக்கச் சொன்னேன். மனிதர் நம்பாமல் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அணைத்தார், தண்ணீர் குடித்தார், போட்டார். 'எழுப்பு' என்று அடித்துவிட்டு மூன்று பேரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தோம். மணி விழித்தது, தொட்டி விழித்தது, போட்டோக்கள் வந்தன. கப்பல் இன்னும் கரைக்கு வரவில்லை என்று வந்தது. பாப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மாடிப் போர்ஷனில் உட்கார்ந்த அதே மாதிரி. அந்த வரி அப்படியே நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிறகு அது மறைந்து, குரல் கேட்கிறது என்று வந்தது. பாப்பா ஹெட்போனைத் தேடவில்லை. "எல்லாரும் கேக்கலாம் அண்ணி" என்று டிவியிலேயே போட்டுவிட்டாள்.

"ஏ பாப்பா, நல்லாருக்கியா? நான் நல்லாருக்கேன். கடல்தான் நல்லா இல்ல" என்று ஆரம்பித்தார். பின்னால் இன்ஜின் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம். கொப்பளக் கேசட்தான் வந்தது. "அண்ணி, இதுக்கு என்ன போடணும்?" என்று அவர் கேட்டதும் நான் என்னையறியாமல், "குளிர்ந்த தண்ணியில வைங்க" என்று டிவியைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். உன் அத்தான் சிரித்தார், பாப்பா சிரித்தாள், நிறுத்துவதற்கு நீ இல்லாததால் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார், நாலைந்து வாக்கியத்தைத் தவறவிட்டோம். முடிந்த பிறகு பாப்பா வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "கப்பல விட்டு வந்தப்புறம் எத்தன வருஷம் இந்த வீட்டுல இருந்தாரு. அந்த நாற்காலியில உக்காந்து எவ்வளவு பேசியிருப்பாரு. ஒரு வார்த்த பதிவு இல்ல பாருங்க. வீட்டுல இருக்கறவங்க பேச்ச யாரு அண்ணி பதிவு பண்றாங்க?"

இதெல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது, அப்புறம் ஏன் பெட்டியை எடுக்கச் சொல்கிறாள் என்று நினைப்பாய். நாங்கள் மூன்று பேரும் வயதானவர்கள். ஒரு சமக்குறியால் ஊரான் தலையில் தண்ணீர் கொட்டுகிற சக்தி எங்கள் கையில் இருப்பது நல்லதில்லை. குரல்களை மட்டும் ஏதாவது சின்னச் சாமானில் ஏற்றி, ஒரே ஒரு பட்டன் வைத்துக் கொடு. மணியும் மோட்டாரும் பழையபடி ஸ்விட்சுக்குத் திரும்பட்டும். பல் டாக்டர் அம்மாவும் இதையே விரும்புகிறார்.

உன் மனைவியை வேளைக்குச் சாப்பிடச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் கழுத்து வலிக்குத் தலையணையை மாற்று, மாத்திரையை மாற்றாதே. எங்கே இருந்தாலும் நீ கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்ல நாலு பேர் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: மேலே பெட்டியைப் பற்றி எழுதியது அத்தனையும் ரத்து. கடிதத்தை மடித்து உறையில் போட்டுவிட்டு, உன் அத்தான் இன்று காலையில் அயர்ன் பாக்ஸுக்காக மறுபடி மெயினை அணைத்தாரே, அதற்காக அவரை நன்றாகத் திட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். ஐந்தாவதாக ஒரு சர்வீஸ் எழுதியிருக்கிறாளாம், எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லாமல். பெயர் 'வீடு' என்று வைத்திருக்கிறாள். "அண்ணி, இப்ப அண்ணனத் திட்டினீங்களே, அத இன்னொரு தடவ திட்டுங்க. ஃபேன் சத்தத்துல பதிவு சரியா விழல" என்றாள். திட்டினேன். உன் அத்தானும் பதிலுக்குப் பேசினார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தெளிவாக. நீ கட்டாயம் வா. வரும்போது நல்ல மைக் ஒன்று வாங்கி வா.